மைக்கில் கூப்பிட்டது நைனாவையா, நைனாரையா

சாயங்காலம் நாலு மணி ஐம்பது நிமிடத்துக்கு ஒலிபெருக்கி என்னைக் கூப்பிட்டது. நேரம் நன்றாக நினைவிருக்கிறது. கச்சேரி எப்போது முடியும், எப்போது வீடு திரும்பலாம் என்று அந்தச் சமயத்தில்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். செஞ்சியின் மேற்கு ஓரத்தில், திருவண்ணாமலை ரோட்டை ஒட்டிய கீற்றுக் கொட்டகை சினிமாவில், முன்வரிசை பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தேன். எதிரே மேடையில் எனக்குப் பிடித்த பேண்டு செட்டு. என் ஒரே மகள் பள்ளிக்கூடத்துப் பெண்களோடு ராஜகிரிக் கோட்டைக்குப் போயிருந்தாள். அவள் மலையிலிருந்து பத்திரமாக இறங்க வேண்டும் என்பதைத் தவிர அன்றைக்கு எனக்கு வேறு கவலை கிடையாது.

இது நடந்து இன்னும் ஒரு வருஷம் முடியவில்லை. இப்போதும் கடைத்தெருவில் யாராவது மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" என்றால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்துத் தமிழ்ச் சமணர்களை ஊரார் நயினார் என்பார்கள். பேச்சில் அது நைனார் ஆகிவிடும். நான் கடைத்தெருவில் மல்லாட்டை மண்டி வைத்திருக்கிறேன். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. மண்டிக்கு வருகிற யாரும் என் பெயரைச் சொன்னதில்லை. எல்லோருக்கும் நான் நைனார்தான். இதே ஊரில் பாதி வீடுகளில் பிள்ளைகள் அப்பாவை நைனா என்று கூப்பிடுவார்கள். என் வீட்டில் அப்படி இல்லை. என் மகளுக்கு நான் அப்பா. ஆக, நைனா என்றால் அது நானில்லை, நைனார் என்றால் நான். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஓர் எழுத்து.

அந்த பேண்டு செட்டை நான் பல வருஷங்களாகக் கேட்டிருக்கிறேன், கண்ணால் கண்டதில்லை. பாண்டிச்சேரிப் பக்கத்திலிருந்து வருவார்கள். பாட்டுக்காரர் யாரும் கிடையாது, வெறும் மெட்டுத்தான். கல்யாண வீடுகளில் மாலை விருந்துக்கு வாசிப்பார்கள். எங்கள் வீடுகளிலோ பொழுது சாய்ந்தபின் சாப்பிடுகிற வழக்கமில்லை. நண்பர் வீட்டுக் கல்யாணம் என்றால் பகலிலேயே போய் மொய் எழுதிவிட்டு வந்துவிடுவேன். இருட்டின பிறகு போனால், "ஒரு வாய் சாப்டாம போவக் கூடாது" என்று இலை முன்னால் உட்கார வைத்துவிடுவார்கள். மறுத்தால் அவர்களுக்கு வருத்தம். அதனால் ராத்திரி விருந்துகளை நான் எங்கள் வீட்டு மாடியில் நின்று காதால் மட்டும் கண்டேன்.

அப்படிக் கேட்டதில் ஒரு சத்தம் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு கச்சேரியின் முடிவிலும் அவர்கள் ஒரு சொந்த மெட்டு வாசிப்பார்கள். அதில் எல்லா வாத்தியங்களும் அடங்கியபின், மேலே ஒரு மெல்லிய குரல் மட்டும் எழும்பும். புல்லாங்குழல் இல்லை. கிளாரினெட் இல்லை. வயலின் கம்பியின் உரசலும் அதில் கிடையாது. ஈரக் கண்ணாடியை விரலால் தேய்த்தால் வருகிற மாதிரி, ஆனால் அதைவிட இளகியதாக இருக்கும். என்ன வாத்தியம் அது? திண்டிவனத்தில் தங்கிப் பள்ளிப்படிப்பை முடித்தவன் நான். வானொலியில் எத்தனையோ கேட்டிருக்கிறேன். இதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை.

என் மகளுக்கு அதில் சந்தேகமே இல்லை.

"அது சீழ்க்கைப்பா. யாரோ வாயால அடிக்கிறாங்க."

"மனுஷன் மூச்சு அவ்ளோ நீளம் நிக்காது."

"உங்க மூச்சு நிக்காது. மாடிப்படி ஏறினாலே வாங்குது."

கச்சேரி நடந்த அன்று காலையிலும் இதே பேச்சுத்தான். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். என் மனைவி மேல்சித்தாமூரில் தன் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். போகுமுன் மகள் கோட்டைக்குப் போகலாம் என்று அவளே சம்மதம் கொடுத்துவிட்டாள், என்னைக் கேட்கவில்லை. கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும். மகளுக்குத் தயிர்ச்சாதம் கட்டிக் கொடுத்துக்கொண்டே நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறை பிளந்து கிடக்கும், அதன்மேல் மரப்பாலம். பாலத்தில் ஓடக் கூடாது. கீழே எட்டிப் பார்க்கக் கூடாது. குளத்தில் கால் நனைக்கக் கூடாது. குரங்குக்குச் சோறு காட்டக் கூடாது.

"மலைக்குப் போலாமா, அதுவும் கூடாதா?" என்றாள்.

"அஞ்சரைக்குள்ள வீட்டுல இருக்கணும். சாப்பாட்டு வேளை."

"ஆறு வரைக்கும் பொழுது இருக்குதுப்பா."

இது எங்கள் வீட்டின் பழைய வழக்கு. செஞ்சியில் சூரியன் நேராகத் தரையில் இறங்காது. ராஜகிரி மலை மேற்கே நிற்பதால் சில மாதங்களில் அரைமணி நேரம் முன்னதாகவே அதன் பின்னால் போய்விடும். மலைக்குப் பின்னால் போனால் அது அஸ்தமனமா, இல்லையா? அஸ்தமனந்தான் என்பது என் கட்சி. எதற்கு வம்பு, முன்னதாகவே சாப்பிட்டுவிடலாமே என்பேன். மலை மறைத்தால் அது மலையின் குற்றம், சூரியன் இன்னும் இருக்கிறது என்பது அவள் கட்சி. ஒன்பதாம் வகுப்பு பூகோளப் புத்தகத்தை வேறு சாட்சிக்கு இழுப்பாள்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "எனக்கு மலை, உங்களுக்கு பேண்டு. நீங்களும் முன்னாடி உக்காந்து நல்லா பாத்துட்டு வாங்க. சீழ்க்கை இல்லேன்னா நான் ஒரு வாரம் பாத்திரம் தேய்க்கிறேன்."

கொட்டகையில் பகல் கச்சேரி என்பது முதலாளியின் யோசனை. கீற்றுக் கொட்டகையில் வெளிச்சம் இருக்கும்வரை படம் ஓட்ட முடியாது; திரையில் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் வரை சும்மா கிடக்கிற இடம்தானே என்று பேண்டு செட்டை வரவழைத்திருந்தார். மூன்றரைக்கு ஆரம்பித்து, முதல் ஆட்டத்துக்கு முன்னால் முடித்துவிடுவார்கள். பொழுதுக்குள் வீடு திரும்பலாம். எனக்காகவே ஏற்பாடு செய்த மாதிரி இருந்தது.

துணைக்கு வரச் சொல்லி பக்கத்துக் கடை பாயைக் கூப்பிட்டேன். அவர் தகரப்பெட்டி செய்து விற்கிறவர். அவர் குடும்பம் எத்தனையோ தலைமுறையாக இந்த ஊரில் இருக்கிறது. எனக்கும் அவருக்கும் இருபது வருஷப் பழக்கம்.

"பகல்ல கொட்டகைக்கா? வெளிச்சத்துல வெள்ளைத் துணியப் பாத்துக்கினு இன்னா பண்றது நைனாரே?"

"படம் இல்ல பாய். பேண்டு."

"எனக்குத்தான் நாள் பூரா தகரத்துல பேண்டு நடக்குதே. நீங்க போய் வாங்க. சலவை வேட்டி எல்லாம் பலமா இருக்குது, பொண்ணு கின்னு பாக்கப் போறீங்களா?"

இப்படித்தான் தனியாகப் போனேன். நாற்பத்தாறு வயதில் தனியாக ஒரு கேளிக்கைக்குப் போனது அதுவே முதல் தடவை. டிக்கெட் கொடுத்தவர் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "எத்தினி பேரு?" என்றார். ஒருவன் என்றதும் கூச்சமாக இருந்தது. உள்ளே போனபின் கூச்சம் போய்விட்டது. பக்கத்துப் படுதாக்களைச் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். கூரை ஓட்டைகள் வழியாக வெயில் விழுந்து மணல் தரை முழுவதும் புள்ளி புள்ளியாகக் கிடந்தது. ஆண்கள் பகுதி பாதிக்குமேல் நிறைந்திருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள், குழந்தைகள். பெரிய இடம் இல்லை. மேடையில் இருப்பவர் செருமினால் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்.

ஏழு பேர். இத்தனை வருஷம் காதால் கேட்டவர்களுக்கு நான் மனதில் கொடுத்திருந்த முகம் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. அக்கார்டியன் வாசிப்பவர் தடித்த ஆள் என்று நினைத்திருந்தேன். ஒல்லியாக, அந்தப் பெட்டியின் கனத்தில் பின்னால் சாய்ந்து நின்றார். கிளாரினெட்காரருக்கு ஒரு கண் சுருங்கியிருந்தது. மாண்டலின், வயலின், தபலா, ஆர்மோனியம். ஏழாவது ஆள் தொடைகளுக்கு நடுவில் இரட்டைக் கொட்டு ஒன்றை இடுக்கிக்கொண்டு விரல்களால் தட்டினார். நான் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்தச் சத்தத்தை உண்டாக்கக்கூடிய கை எது?

எட்டு பத்து மெட்டுகள் ஆயின. ஒரு மெட்டின் நடுவில், சின்னதாக, ஒரே மூச்சளவுக்கு அது வந்துவிட்டுப் போனது. நான் எதிர்பார்க்கவில்லை. சட்டென்று ஏழு பேரையும் பார்த்தேன். ஒருவர் வாயும் அசையவில்லை. கிளாரினெட் மடியில் கிடந்தது. அக்கார்டியன் மூடியிருந்தது. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. மேடையில் யாரும் வாசிக்காத ஒரு வாத்தியம்! பிறகுதான் கவனித்தேன்: மைக்கிலிருந்து போகிற கம்பிகளில் ஒன்று மேடையின் குறுக்கே ஓடி, பின்னாலிருந்த வெள்ளைத் திரைக்கு அடியில் நுழைந்து மறைந்தது. திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கழுத்தை நீட்டிப் பார்த்தேன். துணி மட்டும்தான் தெரிந்தது. கடைசி மெட்டு வரட்டும், எழுந்து ஓரமாகப் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் மணி பார்த்தேன்.

அந்தக் கொட்டகை ஒலிபெருக்கிக்கு ஒரு குணம் உண்டு. சொல்லின் வாலைத் தின்றுவிடும். படம் மாற்றும்போது "இன்றே கடைசி" என்று கத்துவார்கள். ஊருக்குள் "இன்றே கடை" என்றுதான் கேட்கும். "இன்னா கடைடா தொறக்கறாங்க?" என்று ஆட்கள் சிரிப்பார்கள்.

ஒரு மெட்டு முடிந்து கைதட்டல் ஓய்வதற்குள் கொட்டகை ஆள் ஒருவர் மேடையேறி மைக்கைப் பிடித்தார். அவர் சொன்னதில் என் காதில் விழுந்தது இவ்வளவுதான்:

"கோட்டை ரோட்டுல... ஒரு பொண்ணு... அழுதுகிட்டு... நைனா... எங்க இருந்தாலும் ஒடனே..."

அத்தோடு கரண்ட் போய்விட்டது. விசிறி நின்றது, மைக் செத்தது. அந்த ஆள் வாயை அசைப்பது தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை.

நைனா என்றாரா, நைனார் என்றாரா? எனக்கு நைனார் என்றுதான் கேட்டது. அந்தக் கடைசி எழுத்தை ஒலிபெருக்கி தின்றதாக வைத்து நானே சேர்த்துக்கொண்டேன். கோட்டை. பொண்ணு. அழுகை. நைனார். இன்னும் என்ன வேண்டும்? மரப்பாலத்துக்கு அடியில் இருட்டாகக் கிடக்கும் பிளவு கண்முன் வந்தது. எழுந்து திரும்பினேன். கொட்டகையில் பாதிப் பேர் எழுந்து நின்றார்கள். கடைக்காரர்கள், வண்டிக்காரர்கள், முகம் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள், எல்லா முகத்திலும் கலவரம். ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது, எனக்காகத்தான் எழுந்து நிற்கிறார்கள், நான்தான் கடைசியாகத் தெரிந்துகொள்கிறேன் என்று நினைத்தேன். அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பெண்ணுக்கு நைனா என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

வாசலில் கூட்டம் அடைத்துக்கொண்டது. எல்லோரும் ஒரே சமயத்தில் வெளியே போகப் பார்த்தார்கள். கூட்டத்தைச் சமாளிக்கவோ என்னவோ, மேடையில் இருந்தவர்கள் மைக் இல்லாமலே அடுத்த மெட்டை ஆரம்பித்தார்கள். நான் மேடையின் ஓரமாக ஓடி, திரையைத் தள்ளிக்கொண்டு பின்பக்கம் போனேன்.

அங்கே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் மனைவி வயதிருக்கும். கவிழ்த்த மரப்பெட்டிமேல் காலைச் சேர்த்து வைத்து, எதிரில் நின்ற மைக்குக்கு முகம் கொடுத்து, கண்களை மூடிக்கொண்டு சீழ்க்கை அடித்துக்கொண்டிருந்தாள். மைக்கில் உயிரில்லை என்று அவளுக்குத் தெரியவில்லை போலும். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர், ஒரு ஈரத்துணி. அவ்வளவுதான் அந்த வாத்தியம். ஊருக்கு முன்னால் மேடையில் ஒரு பெண் சீழ்க்கை அடிக்க முடியாது என்பதால் திரைக்குப் பின்னால் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். இத்தனை கல்யாணங்களிலும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள். இதையெல்லாம் நான் பிறகு யோசித்தேன். அப்போது இரண்டு நொடிதான் நின்றேன். ஆனாலும் நின்றேன். பெற்ற மகளுக்கு என்ன ஆயிற்றோ என்று ஓடுகிறவனை அந்தச் சத்தம் இரண்டு நொடி நிறுத்தி வைத்தது என்பது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

கண்ணைத் திறந்தவள் என்னைக் கண்டு திடுக்கிட்டாள்.

"இன்னாங்கண்ணே, இங்க வந்துட்டீங்க?"

"என் பொண்ணு... வெளிய போவ வழி..."

அவள் எழுந்து போய்க் கீற்றுத் தட்டி ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். "இப்படிப் போங்க. தலை, தலை, குனிஞ்சு போங்க." நான் வெளியே வந்தபின், "ஒண்ணும் ஆயிருக்காதுண்ணே" என்று தட்டிக்கு உள்ளிருந்து குரல் வந்தது.

சுற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். டிக்கெட் கொடுத்தவர் முட்டிமோதுகிற கூட்டத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணு எங்க?"

"எந்தப் பொண்ணு? மைக்குல சொன்னதா? இப்பதான் ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க."

"தூக்கிட்டா?"

"கால்ல இன்னாவோ, நடக்க முடியல. ஏன், உங்க பொண்ணா நைனாரே?"

கடைத்தெரு வழியாக ஓடினேன். ஒரு செருப்பு எங்கேயோ கழன்றது. கால் என்றால் காலோடு போயிற்றா? அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் கால் மட்டுமா? ஆசாரி கடை, துணிக்கடை, என் மண்டி எல்லாம் பக்கத்தில் போயின. பாய் தகரத்தை அப்படியே போட்டுவிட்டு நடுரோட்டுக்கு வந்துவிட்டார்.

"நைனாரே! இன்னா ஆச்சு? வேட்டி அவுந்து போவுது, நில்லுங்க!"

"பாப்பா... கோட்டையில விழுந்துடுச்சு. ஆசுபத்திரியில."

அவர் முகம் மாறியது. கடையைச் சாத்தவில்லை. சைக்கிளை எடுத்து, "ஏறுங்க" என்றார். கேரியரில் உட்கார்ந்தேன். ஐம்பது வயது மனிதர் என்னையும் வைத்துக்கொண்டு எழுந்து நின்று மிதித்தார். வழியெல்லாம் அவர் வாய்க்குள்ளேயே ஏதோ ஓதிக்கொண்டு வந்தார். நானும் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரும் இல்லை. உள்ளே ஒரு பெண் குரல் வீறிட்டு அழுதது. கதவு சாத்தியிருந்தது. நான் கதவைத் தட்டவில்லை. அந்த அழுகையை உற்றுக் கேட்டேன். என் மகள் அழுது நான் கேட்டு ஏழெட்டு வருஷம் இருக்கும். அவள் அழுகை எப்படி இருக்கும்? மாடியில் நின்று எங்கோ கேட்கிற ஒரு வாத்தியத்தின் அசைவெல்லாம் தெரிந்த எனக்கு, இது என் பிள்ளையின் குரலா, அயலார் குரலா என்று சொல்லத் தெரியவில்லை.

கதவு திறந்தது. கம்பவுண்டர் வெளியே வந்தார். அவர் இடுப்பில் நாலு வயதுச் சின்னப் பெண் ஒன்று மூக்கு வடிய விசும்பிக்கொண்டிருந்தது. உள்ளங்காலில் டிங்க்சர் மஞ்சளாக வழிந்தது.

"இன்னா நைனாரே, உடம்புக்கு முடியலையா? ஏன் இப்படி வேர்க்குது?" என்றார்.

"கோட்டையில விழுந்த பொண்ணு?" என்று பாய் கேட்டார்.

"கோட்டையில யாரும் விழலியே. காலையிலேர்ந்து ரெண்டு சளிக் காய்ச்சல், அப்புறம் இந்தக் கழுதை. எம் பொண்ணுதான். கொட்டகையில பேண்டு சத்தம் கேட்டு வூட்டுலேர்ந்து தனியா நடந்து போயிருக்குது. கோட்டை ரோட்டுல முள்ளு குத்தி உக்காந்து அழுதுருக்குது. யாரோ கொட்டகைக்குத் தூக்கிட்டுப் போய் உங்க நைனா பேரு இன்னான்னு கேட்டுருக்காங்க. இன்னாடி சொன்னே?"

குழந்தை விசும்பலுக்கு நடுவில் சொன்னது: "நைனா."

"இத அந்தப் புத்திசாலி அப்படியே மைக்குல சொல்லியிருக்கான். 'நைனா எங்க இருந்தாலும் ஒடனே வரணும்'னு. கொட்டகையில இருந்த நைனா அத்தினி பேரும் எழுந்துட்டாங்களாம். அதுக்குள்ள இது என் பொண்ணுன்னு தெரிஞ்ச ஆளு ஒருத்தர் தூக்கியாந்து வுட்டாரு."

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். மெதுவாக வராந்தாப் படியில் உட்கார்ந்தார். தலையில் கைவைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு எழுத்து நைனாரே! ஒரே ஒரு எழுத்துக்கு என் மூட்டு கழண்டு போச்சு!"

நானும் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. மகள் விழவில்லை என்று தெரிந்தது, ஆனால் அவள் வந்து சேரவும் இல்லை. ஆஸ்பத்திரிக் கடிகாரத்தில் ஐந்தரை ஆகப் போகிறது. வீட்டில் பூட்டுத் தொங்கும். சாவி என் மடியில். இந்தப் பெண் அவளில்லை என்றால் அவள் எங்கே? ஒரு பயம் பொய்யானால் மற்றதும் பொய்யாகத்தானே வேண்டும் என்று அறிவு சொன்னது. நெஞ்சு கேட்கவில்லை. பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்.

"சரி, ஏறுங்க. கோட்டை வாசலுக்கே போய் நின்னுக்கலாம். பாப்பா வர்றதக் கண்ணால பாத்தாத்தான் உங்களுக்கு உசிரு வரும்."

மறுபடியும் கேரியர். இந்தத் தடவை மெதுவாக மிதித்தார். மேற்கே மலை கறுத்து நின்றது. சூரியன் அதன் தோளில் உட்கார்ந்திருந்தது. கொட்டகையைத் தாண்டும்போது கரண்ட் வந்துவிட்டது போல. கம்பத்து உச்சியிலிருந்த ஒலிபெருக்கி கரகரத்து உயிர்பெற்றது. அவர்களுடைய கடைசி மெட்டு. வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. பிறகு அந்தக் குரல் எழும்பியது.

என் கண் ரோட்டின் கோடியில்தான் இருந்தது. காது மட்டும் போய்விட்டது. இத்தனை வருஷம் பெயர் தெரியாமல் கேட்டதை இப்போது முகத்தோடு கேட்டேன். கவிழ்த்த பெட்டி, மூடிய கண், ஈரத்துணி. அவள் எங்கே மூச்சு வாங்குகிறாள் என்றுகூட இப்போது தெரிந்தது. முன்பு அது எனக்குக் கேட்டதே இல்லை.

"பாய், அது ஒரு பொம்பள" என்றேன்.

"எது?"

"இந்தச் சத்தம். திரைக்குப் பின்னால உக்காந்து வாயால அடிக்குது. நான் பாத்தேன்."

"நைனாரே, வூட்டுக்குப் போனதும் தலைக்கு ஊத்திக்கங்க. இப்ப கேரியர்ல ஆடாம உக்காருங்க."

கொட்டகையைத் தாண்டி, வீடுகள் முடிந்து, இருபக்கமும் புளியமரங்கள் வந்தன. அந்தச் சத்தம் பின்னாலேயே சன்னமாக வந்துகொண்டிருந்தது. கீழைக் காற்று மலைப்பக்கமாக வீசியது. அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. இங்கே எனக்குக் கேட்கிறது என்றால், இன்னும் மேற்கே, மலையில் இருப்பவர்களுக்கும் கேட்டிருக்குமே. கச்சேரி மட்டுமா கேட்டிருக்கும்?

அதை முழுதாக யோசிப்பதற்குள் பாய் பிரேக்கைப் பிடித்தார்.

ரோட்டின் வளைவில் ஒரு பெண் ஓடிவந்துகொண்டிருந்தாள். மற்றப் பெண்களும் டீச்சரும் வெகுதூரம் பின்னால், புள்ளிகளாகத் தெரிந்தார்கள். டீச்சர் கையை ஆட்டி ஏதோ கத்துவது தெரிந்தது. அவள் காதில் வாங்கவில்லை. பின்னல் ஒன்று அவிழ்ந்திருந்தது. செருப்பு இரண்டும் ஒரு கையில், காலித் தூக்குச்சட்டி மறு கையில் கடகடத்தது. நான் கேரியரிலிருந்து இறங்கினேனா விழுந்தேனா தெரியாது.

அவள் என்னிடம் வந்து நின்று, என் முகத்தைப் பார்த்தாள். என் தோளை, கைகளை, ஒரு செருப்போடு நின்ற கால்களை எல்லாம் மேலும் கீழும் பார்த்தாள். நான் அவளை அப்படிப் பார்க்க வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அவளுக்கு மூச்சு வாங்கியது. பேச்சு விட்டு விட்டு வந்தது.

"மைக்குல... உங்களக் கூப்ட்டாங்களே. மலை மேலயே கேட்டுச்சு. நைனார் எங்க இருந்தாலும் ஒடனேன்னு... அதோட நின்னுடுச்சு. நெஞ்சுவலி ஏதாவது வந்துடுச்சோன்னு... டீச்சர் திட்டத் திட்ட ஓடியாந்தேன். உங்களுக்கு ஒண்ணுமில்லியேப்பா?"

பாய் மறுபடியும் தலையில் கைவைத்துக்கொண்டார். ஆனால் இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. சைக்கிளைத் திருப்பி நிறுத்தி, அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டார்.

எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "சீழ்க்கைதான்" என்று மட்டும் வந்தது.

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். என் கையைப் பிடித்தாள். பிறகு தலையைத் திருப்பி மலையைப் பார்த்தாள். சூரியன் அதற்குள் மலைக்குப் பின்னால் போய்விட்டது. வானம் மட்டும் வெளிச்சமாக இருந்தது.

"மலைதான்பா மறைச்சிருக்குது, பொழுது இன்னும் போவல" என்றாள். "வாங்க, வேகமா நடந்தா சாப்ட்டுடலாம்."